கிராண்ட் ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓட்டினால் போதுமா?

இரவுப்பணி: "ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பில்) உள்ள எல்லா டேபிளுக்கும் ஒரு கிராண்ட், கூடவே ஒரு ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ். இந்த ரெண்டு வரி ஒருமுறை ஓடினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பெர்மிஷன் வேலை முடிந்தது" என்று குமிழ் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கிராண்ட் இப்போது இருக்கிற டேபிள்களுக்கு அனுமதி தரும். இனி வரும் டேபிள்களுக்கான அந்த இரண்டாவது வரி, அதை ஓட்டிய ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) இனி உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான் செல்லும். ஸ்கிரிப்டை சூப்பர்யூசராக (எல்லா அதிகாரமும் உள்ள ரோலாக) ஓட்டிவிட்டு, மைக்ரேஷனை (டேபிள்களை உருவாக்கி மாற்றும் ஸ்கிரிப்டை) வேறு ரோலில் ஓட்டினால், புது டேபிளைத் தொட்டதும் ரிப்போர்ட் ரோலுக்கு "பெர்மிஷன் டினைட்" வரும். மாதக் கடைசியில், ராத்திரி ரெண்டு மணிக்கு, இதற்காக எழுந்து உட்கார்ந்தவன் நான்.

குமிழ்: எட்டு வருஷமாக இதே ஸ்கிரிப்ட். ஒருநாள்கூட உடைந்ததில்லை. வரியிலேயே "இன் ஸ்கீமா" என்று இருக்கிறது. அப்புறம் டேபிளை யார் உருவாக்கினால் என்ன?

இரவுப்பணி: "இன் ஸ்கீமா" எந்த இடத்தில் என்று சொல்கிறது. யார் உருவாக்கும் டேபிள் என்பதை "ஃபார் ரோல்" சொல்கிறது. அதை எழுதாமல் விட்டால் ஓட்டுகிற ரோலையே எடுத்துக்கொள்ளும். டிஃபால்ட் பிரிவிலேஜஸைக் காட்டும் பேக்ஸ்லாஷ் டிடிபி கட்டளையை அடித்துப் பாருங்கள், முதல் நெடுவரிசையே ஓனர்தான்.

தாழ்ப்பாள்: எதற்கு இவ்வளவு சண்டை? போஸ்ட்கிரெஸ் 14 முதல் எல்லா டேபிளையும் படிக்க விடும் பிஜி_ரீட்_ஆல்_டேட்டா என்று ஒரு ரோலே இருக்கிறது. அதைக் கொடுத்தால் முடிந்தது.

இரவுப்பணி: கொடுங்கள், சம்பள டேபிளும் சேர்ந்து திறந்துகொள்ளும். ரோல் என்பது கிளஸ்டர் (ஒரே சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸும்) முழுக்கப் பொது. கனெக்ட் ஆக முடிகிற ஒவ்வொரு டேட்டாபேஸிலும் எல்லாவற்றையும் படிக்கலாம். ரிப்போர்ட்டுக்கு நான்கு டேபிள் கேட்டவருக்கு இதையா கொடுப்பீர்கள்?

தாழ்ப்பாள்: சம்பள டேபிளை அதே கிளஸ்டரில் வைத்தது யார் தப்பு?

குமிழ்: பேச்சை மாற்ற வேண்டாம். எட்டு வருஷம் ஓடியதற்கு என்ன பதில்?

இரவுப்பணி: உங்கள் மைக்ரேஷனும் அதே ரோலில் ஓடுகிறது. அதனால்தான் ஓடியது. நாளைக்கே இன்னொருவர் தன் லாகினில் ஒரு டேபிள் உருவாக்கட்டும், தெரியும்.

குமிழ்: ஆக, வேலை செய்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

இரவுப்பணி: எதையும் ஒத்துக்கொள்ளவில்லை! கிரியேட் ரோலில் இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ் (ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு) எழுதலாம் என்று போன மாதம் சொன்னதும் நீங்கள்தான். போஸ்ட்கிரெஸில் அது கிடையாது. டூ பிளாக் (நிபந்தனை எழுத முடிகிற சின்ன கோட்) போட்டு, ரோல்களின் பட்டியலான பிஜி_ரோல்ஸில் தேடி, இல்லாவிட்டால் உருவாக்க வேண்டும். உங்களை நம்பி ஒரு பையன் அரைநாளைத் தொலைத்தான்.

குமிழ்: அது மைஸ்க்யூஎல் 8 என்ற வேறு டேட்டாபேஸ் பற்றிச் சொன்னது. அங்கே உண்டு. ஒருவர் சொன்னதைப் பாதியில் வெட்டி எடுத்துச் சண்டைக்கு வருவதே உங்கள் வழக்கம்.

புதுவரவு: அப்படியானால் மைக்ரேஷன் ரோலின் பெயரை "ஃபார் ரோல்" என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

இரவுப்பணி: ஆகும். டேபிள் உருவாக்கும் ரோல் எத்தனையோ அத்தனை வரி வேண்டும். ஏற்கெனவே இருக்கிற டேபிள்களுக்கு கிராண்ட் தனி.

குமிழ்: எனக்கு ஒரு வரியே போதும். அடுத்த வாரமும் அதையேதான் ஓட்டப்போகிறேன்.

இரவுப்பணி: ஓட்டும் முன், எந்த ரோலில் இருக்கிறீர்கள் என்று காட்டும் செலக்ட் கரன்ட்_யூசர் அடித்து, என்ன வந்தது என்று இங்கே போடுங்கள்.

தாழ்ப்பாள்: சம்பள டேபிள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.