பிள்ளைகள் போன வீடும் பாசி மிதவையும்: நாவலுக்கு விவரம் வேண்டும்

மணல்மேடு:
நாவலின் களம் மண்டபம் தோணித்துறை. மகன் சவூதியில், மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு 49 வயது. விசைப்படகை விட்டுக் கரையேறிய அப்பாவுக்கு 55. வெறிச்சோடிய வீட்டிலிருந்து அந்த அம்மா பெப்சிப் பாசி (கப்பாபைகஸ் என்ற கடற்பாசி) வளர்க்கப் போகிறார். தனியாளாக 2 மிதவை போட்டால் போதுமா? எங்கே அடிபடுவார்?

வடகடல்:
2 மிதவை எந்த மூலைக்கு? ஆளுக்கு 45 என்பதுதான் கணக்கு. பாசி முற்ற 45 நாள். தினம் ஒன்று இறக்கினால், 46ஆம் நாளிலிருந்து தினம் ஒன்று அறுக்கலாம். அறுத்ததை அன்றே மறுபடி கட்டணும். கையில் பொழுதே மிஞ்சாது, உங்கள் கதைக்கு வேண்டியதும் அதுதானே!

மிதவை 12க்கு 12 அடி மூங்கில் சட்டம். 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி: மொத்தம் 60 கிலோ. நன்றாக வந்தால் 260 கிலோ. விதைக்கு 60 எடுத்துவிட்டு மீதி 200ஐக் காயவைத்தால் 20 கிலோதான் தேறும். அடிவலை கட்டாவிட்டால் ஒரா மீன் மேய்ந்துவிடும். மிதவையை இழுத்து நங்கூரமிடத் தனியாளால் ஆகாது; 5 பேர் குழுவாக எழுதுங்கள்.

கச்சான்:
அடி விழுவது கோடையில். தண்ணீர் சூடேறினால் கிளை வெளுத்து, கொழகொழத்து உதிரும். 2013க்குப் பிறகு பாக் விரிகுடாவில் விளைச்சல் சரிந்ததும் சூட்டால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மிதவையை அறுத்துப்போடும். அப்போது தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, மாற்றினார் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கம் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. இந்த அயல்பாசி குருசடைத் தீவுப் பவளத்தில் ஏற்கெனவே படர்ந்திருக்கிறது.

ஈரச்சாக்கு:
அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்துவிடாதீங்க. கயிறு கட்டுவது கரை வேலை, மிதவைக்கு 400 முடிச்சு. இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் அலையில் நழுவும். வலை முடிச்சுப் போட்ட கைக்கு இதைப் பெண்கள் சொல்லித்தரணும். புருஷன் பெண்டாட்டி உரசல் அங்கேதான் இருக்கு. மகனின் போன் காலில் இல்லை.

மணல்மேடு:
அப்படியானால் தை மாதம் தொடங்கலாமா?

வடகடல்:
தை பாதியில் தொடங்குங்க, கடல் அடங்கியிருக்கும். பங்குனியில் முதல் அறுப்பு. 45ஐயும் அறுத்து முடிக்கச் சித்திரை வந்துவிடும். மறுபடி கட்டியது வெளுக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.