புல்லை மட்டும் நம்பும் மந்தைக்கு டார்ப்பர் கலப்பு சரிதானா?

மேய்ச்சல்காரன்: அடர்தீவனம் இல்லாமல் புல்லிலேயே குட்டி வளர்த்து விற்கிறேன். என் சிறிய தாயாடுகளுக்கு, இறைச்சிக்கு வளர்க்கும் தென்னாப்பிரிக்கச் செம்மறி இனமான டார்ப்பர் கிடா விட்டதில் முதல் கலப்புக் குட்டிகள் அருமையாக வந்தன. அந்த ஆசையில் கலப்பு மறிகளையும், அதாவது பெண் குட்டிகளையும், வளர்ந்ததும் டார்ப்பருக்கே சேர்த்தேன். இப்போது முக்கால் டார்ப்பர் தாய்கள் மழைக்குப் பின் புழுவில் விழுகின்றன, குட்டி போட்டபின் மெலிந்து அடுத்த சினை தள்ளிப்போகிறது. கலப்பையே விட்டுவிடலாமா?

பழையபட்டி: விட்டுவிடுங்கள். டார்ப்பர் கலக்கக் கலக்கத் தாய் பெரிதாகும். 70 கிலோ தாயாட்டுக்கு உடம்பைத் தாங்கவே 50 கிலோ ஆட்டைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் தீனி வேண்டும், புல் அதே அளவுதானே இருக்கிறது! சொந்த இனத்திலேயே, புழு ரத்தத்தை உறிஞ்சி இமையின் உட்புறம் வெளிறாத, மருந்தே கேட்காத தாய்களின் குட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். புழுவைத் தாங்கும் குணம் ஓரளவு நன்றாகவே பரம்பரையாக இறங்கும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நிலைக்கும்.

புல்வெளி: அண்ணா, புழு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சினை பிடிப்பதும் குட்டி பிழைப்பதும் தேர்வில் எளிதில் நகராத குணங்கள், பரம்பரையாக இறங்குவது மிகக் குறைவு. கலப்பு வீரியம், அதாவது இனம் கலந்து பிறக்கும் குட்டிக்குக் கிடைக்கும் கூடுதல் தெம்பு, அதிகம் உதவுவதும் சரியாக அந்த இடத்தில்தான். இவர் தவறு கலந்தது இல்லை, ஒரே பக்கமாகக் கலந்துகொண்டே போனது. முதல் கலப்பில் வீரியம் முழுதாக இருக்கும், அந்த மறியை அதே கிடா இனத்துக்குச் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்குப் பாதிதான், அடுத்த சுற்றில் அதிலும் பாதி. இரண்டு இனக் கிடாக்களைத் தலைமுறைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி விட்டால் காலப்போக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும், மூன்று இனம் என்றால் சுமார் 86 சதவீதம்.

பழையபட்டி: தாளில் நன்றாக இருக்கிறது தம்பி. எந்த மறி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று காதில் வில்லை போட்டுக் குறித்து வைப்பவர் எத்தனை பேர்? அமெரிக்காவின் கட்டாடின் செம்மறி இனத்தைப் பாருங்கள், 1950களின் கடைசியில் கம்பளி வளராத கரீபியன் முடியாடுகளைக் கொண்டுவந்து கம்பளி இனங்களோடு கலந்த மைக்கேல் பீல் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் சரிவராத ஆடுகளைக் கழித்துக் கழித்துத்தான் ஒரு மந்தையை நிறுத்தினார். கலப்பு ஒரு நாள் வேலை, கழிப்பது ஆயுசு வேலை.

புல்வெளி: கழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. முதல் கலப்புத் தாய் புல்லில் இரட்டைக் குட்டியைப் பால் கொடுத்துத் தேற்றுவதைப் பார்த்தவன் நான், அதை இழக்கச் சொல்லாதீர்கள். மேய்ச்சல்காரரே, பழைய தாய்கள் எத்தனை மிச்சம்?

மேய்ச்சல்காரன்: மொத்தம் 42. பழையது 20, முதல் கலப்பு 9, மீதி முக்கால் கலப்பு.

புல்வெளி: அப்போ தப்பித்தீர்கள். பழைய 20க்கும் சொந்த இனக் கிடாவே விடுங்கள், வருடத்துக்குத் தேவைப்படும் 8, 9 மறிகள் அதிலிருந்தே கிடைக்கும். டார்ப்பர் மற்ற இரண்டு கூட்டத்துக்கும் போகட்டும், பிறக்கும் குட்டி கிடாவானாலும் மறியானாலும் எல்லாமே விற்பனைக்கு, ஒன்றைக்கூட மந்தையில் நிறுத்தாதீர்கள்.

பழையபட்டி: இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முக்கால் கலப்பில் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் புழு மருந்து கேட்பதை இந்த ஈற்றோடு அனுப்பிவிடுங்கள்.

மேய்ச்சல்காரன்: அப்படிக் கேட்பவை 5 இருக்கின்றன. அதில் ஒன்று இரட்டைக் குட்டிக்காரி, மனசு வரவில்லை. இருந்தாலும் குட்டிகள் பால் மறந்ததும் அனுப்பிவிடுகிறேன்.