பைனரி ஆஸ்டராய்டு = இருமச் சிறுகோள், அதைச் சுத்துறது = குறுநிலா: என் பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

ஈர்ப்பால கட்டுண்டு ஒண்ணோட ஒண்ணு சுத்துற ரெண்டு சிறுகோளை பைனரி ஆஸ்டராய்டுன்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு கேட்டதுக்கு "இரட்டைச் சிறுகோள்"னு வச்சுக்கலாம்னு பெரும்பாலானவங்க சொல்லியிருக்கீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இரட்டைன்னா நமக்கு ஒரே மாதிரி ரெண்டுன்னுதான் படும். டிடிமோஸ்னு இந்த வகைச் சிறுகோள் ஒண்ணு இருக்கு, அந்தக் கிரேக்கப் பேருக்கும் இரட்டைன்னுதான் அர்த்தம், ஆனா அங்க இருக்கிறதைப் பாருங்க, பெருசு சுமார் 780 மீட்டர், அதைச் சுத்துற டிமார்ஃபஸ் சுமார் 160 மீட்டர், கன அளவுல நூறு மடங்குக்கு மேல வித்தியாசம்.

இரும விண்மீன்னு ஏற்கனவே புழங்குது, ஈர்ப்பால கட்டுண்டு பொது நிறைமையத்தைச் சுத்துற ரெண்டுன்னு அதுக்குப் பொருள். அதே வழியில இருமச் சிறுகோள்னு வச்சா ஆன்டியோப்பி மாதிரி கிட்டத்தட்ட சம அளவுள்ள ரெண்டும் அடங்கும், டிடிமோஸும் அடங்கும். இரட்டைங்கிற சொல்லை வேற ஒண்ணுக்கு வச்சுக்கலாம், ரெண்டு பாறை தொட்டு ஒட்டிக்கிட்டே கிடக்குதே, அதுக்கு. இரட்டை வாழைப்பழம்னு சொல்றோம்ல, அதே மாதிரி "ஒட்டிரட்டை". 2023 நவம்பர்ல நாசாவோட லூசி விண்கலம் டிங்கினேஷ்ங்கிற சிறுகோள் பக்கம் போனப்ப அதோட நிலா செலாமே ஒரு ஒட்டிரட்டைன்னு தெரிய வந்துச்சு, அதனால இந்த ரெண்டு சொல்லும் ஒரே வாக்கியத்துல தேவைப்படும், குழப்பக்கூடாது.

அடுத்து நிலா. துணைக்கோள்னு எழுதினா பாதிப்பேர் ராக்கெட்ல அனுப்பினதுன்னு நினைக்கிறாங்க. இலங்கைல செய்மதின்னு அழகா ஒரு சொல் இருக்கு, அதைப் பாத்து குறுமதின்னு ஒருத்தர் சொன்னார், ஆனா அது அறிவு கம்மின்னு ஆயிடும். குறுநிலா போதும். 1993 ஆகஸ்ட்ல கலிலியோ விண்கலம் ஐடாங்கிற சிறுகோளைத் தாண்டிப் போறப்ப எடுத்த படங்கள் மெதுவா வந்து சேந்து, 1994 பிப்ரவரில அதுல ஒரு புள்ளியா டாக்டில் தெரிஞ்சுது, கிட்டத்தட்ட 60 கிமீ நீளமுள்ள ஐடாவுக்கு சுமார் ஒண்ணரை கிமீ அளவுள்ள நிலா, அதை வேற எப்படிச் சொல்றது?

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் டார்ட், அதாவது பாதை மாறுதான்னு பாக்க டிமார்ஃபஸ் மேல நாசா வேணும்னே மோதவிட்ட விண்கலம். 2022 செப்டம்பர்ல "சிறுகோள் மேல நாசா மோதிச்சு"ன்னு மட்டும் எழுதினா ஏன் டிமார்ஃபஸைத் தேர்ந்தெடுத்தாங்கன்னே படிக்கிறவங்களுக்குப் புரியாது. தனியா சூரியனைச் சுத்துற பாறையை இடிச்சா பாதை மாறினது தெரிய வருஷக்கணக்காகும், இங்க குறுநிலா பெருசுக்குக் குறுக்கே போறப்பவும் அதுக்குப் பின்னால மறையறப்பவும் வெளிச்சம் குறையும், அதைத் தரைல இருந்தே அளந்துடலாம். 11 மணி 55 நிமிஷமா இருந்த சுற்று 11 மணி 23 நிமிஷமாச்சுன்னு ரெண்டே வாரத்துல சொல்ல முடிஞ்சதே அதனாலதான். குறுநிலான்னு ஒரு சொல் செய்தில இருந்தாலே இதுல பாதி விளங்கிடும்.

"இணைச் சிறுகோள்"னு சொன்னவங்களுக்கு: ஒரே பாறைல இருந்து பிரிஞ்சு, இப்ப ஈர்ப்புக் கட்டு இல்லாம ஏறக்குறைய ஒரே பாதைல சூரியனைத் தனித்தனியா சுத்துற ஜோடிகள் இருக்கு. சூரிய வெளிச்சம் பட்டுச் சூடு சமமில்லாம வெளியேறி, தளர்வான கல்குவியல் வேகமா சுழன்று, பொருளை உதறி நிலா உண்டாகுது, சிலது அப்படியே பிரிஞ்சும் போயிடுதுன்னு சொல்றாங்க. அதுகளுக்கு "பிரிசோடி"ன்னு வைக்கலாம், இணைன்னு சொன்னா சேந்திருக்கிற மாதிரியும் ஆகுது பிரிஞ்ச மாதிரியும் ஆகுது.

சில்வியாங்கிற சிறுகோளுக்கு ரோமுலஸ், ரீமஸ்னு ரெண்டு குறுநிலா, அது மும்மச் சிறுகோள், இதே அச்சுல வந்துடும். ஒட்டிரட்டைக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் யார்கிட்டயாவது இருந்தா எழுதுங்க, மத்ததை இந்த வாரமே நம்ம கலைச்சொல் பட்டியல்ல சேத்துடலாம்.