சாயம் ஏத்தி லேசர் அடிச்சா கட்டி வெந்துடுமாம், அத்தை கீமோவை நிறுத்தணுங்குறாங்க

யீஷூன்_கவி:
அத்தைக்கு மார்பகப் புற்றுநோய், ரெண்டு கீமோ முடிஞ்சிருச்சு. நேத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வீடியோ, சாயம் அடைச்ச நானோ துகளை ஊசியில ஏத்தி லேசர் காட்டினா கட்டி மட்டும் சூட்டுல செத்துடும், முடி கொட்டாதுன்னு. அதைப் பாத்ததுலேர்ந்து மூணாவது கீமோ வேணவே வேணாங்குறாங்க. உண்மையா இது?

தேக்கா_செல்வம்:
பொய்யில்லம்மா. இண்டோசயனின் கிரீன்னு பச்சை சாயம், 1959லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, கல்லீரல் டெஸ்ட்டுக்கும் கண் டெஸ்ட்டுக்கும் ரொம்ப வருஷமா போடுறாங்க. 800 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி சூடாயிடும். சும்மா ஏத்தினா மூணு நாலு நிமிஷத்துல பாதியைக் கல்லீரல் இழுத்துடும், அதான் கொழுப்பு உருண்டை மாதிரி துகளுக்குள்ள அடைக்கிறாங்க. நல்ல விஷயத்தை ஏன் மூடி வைக்கணும்?

ஜூரோங்_நர்ஸக்கா:
செல்வம் தம்பி, அந்த வீடியோவுல இருந்தது எலி, அதுவும் தோலுக்கு அடியில வளர்த்த கட்டி. கவி, போன் டார்ச்சை விரல்ல வெச்சுப் பாரு, செவப்பா தெரியும். அதையே தொடையில வெச்சுப் பாரு, அந்தப் பக்கம் ஒண்ணும் வராது. இந்த ஒளி செவப்பை விடக் கொஞ்சம் ஆழம் போகும், அவ்ளோதான். அப்புறம் 2016ல பத்து வருஷ ஆய்வுகளை அலசிப் பாத்தாங்க, ஏத்தின நானோ துகள்ல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 0.7 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரல்னு போயிடுது.

தேக்கா_செல்வம்:
ஆழத்துக்கு வழி இருக்குக்கா, லேசர் ஒளியைக் கொண்டு போற மெல்லிசு கண்ணாடி இழையை, ஃபைபர்னு சொல்வாங்க, அதை உள்ளயே விடலாம். 2019ல வெளியான ஆய்வுல 16 ஆம்பளைங்களுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்குற புரோஸ்டேட் சுரப்பியில வந்த கட்டிக்கு அப்படித்தான் செஞ்சாங்க. எலி எலின்னு ஒதுக்கிட்டா நம்ம பிள்ளைங்க காலத்துக்குக் கூட வராது.

ஜூரோங்_நர்ஸக்கா:
அது தங்கம் பூசின துகள் தம்பி, சாயம் இல்ல. ஒரே இடத்துல இருந்த கட்டி, ஸ்கேன் பாத்து குறி வெச்சாங்க. கீமோ எதுக்குக் குடுக்குறாங்க? ரத்தத்துல கலந்து ஸ்கேன்ல கூட தெரியாம ஒளிஞ்சிருக்கறதைப் பிடிக்க. எங்க இருக்குன்னே தெரியாததுக்கு லேசரை எங்க காட்டுவ? இந்த மாதிரி ஃபார்வர்டை நம்பி பாதியில நின்னுட்டு, ஆறு மாசம் கழிச்சு, எலும்புக்குப் பரவி முதுகுவலின்னு திரும்பி வந்தவங்களை நான் கையால தூக்கிப் படுக்க வெச்சிருக்கேன். அதனாலதான் இவ்ளோ கத்துறேன்.

தேக்கா_செல்வம்:
கீமோவை நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல. கவி, ஊசியைத் தள்ளிப் போட விடாத. ஆனா அக்கா, இது ஒரு நாள் வரும், அதை விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஜூரோங்_நர்ஸக்கா:
வரட்டும், நானே முதல் ஆளா லேசர் பிடிப்பேன். கவி, அத்தைக்கு நிஜமா என்ன பயம், முடியா, வாந்தியா?

யீஷூன்_கவி:
வாந்திக்கா. போன தடவை ராத்திரி பூரா பாத்ரூம் தரையிலயே உக்காந்திருந்தாங்க, யார்கிட்டயும் சொல்லல.

ஜூரோங்_நர்ஸக்கா:
அதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. வாந்தி மாத்திரையை மாத்திக் குடுக்கலாம், கீமோவுக்கு முன்னாடியே போடுற ஊசியும் இருக்கு.

யீஷூன்_கவி:
புதன்கிழமை லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்.