பட்டறை வீட்டுச் சொந்தங்கள் 🙏

சாந்தி சித்தி (காலை 6:41): எல்லாரும் இதக் கொஞ்சம் பாருங்க. கவினுக்கு அப்ரண்டிஸ் கெடச்சிருச்சு. திங்கக்கெழமை சேரோணும். இவங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு

செல்வி அத்தை: யாருக்கு

செல்வி அத்தை: என்ன கையெழுத்து

சாந்தி சித்தி: ஒப்பந்தத்துலங் அண்ணி. பையனுக்கு 18 ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. பெத்தவங்க போட்டாத்தான் செல்லுமாம்

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹

தினேஷ் அண்ணா: கலக்குடா தம்பி 🔥 எவ்வளவு தர்றாங்க

கவின்: 11,000ண்ணா. மதியச் சோறு, பஸ்சு ரெண்டும் ஃப்ரீ

தினேஷ் அண்ணா: நாலு வருசம் இன்ஜினியரிங் முடிச்சு நான் மொதமொதல்ல வாங்குனது 12

பெரியப்பா: நாலு வருசமா? அஞ்சரைன்னு சொல்லு

பிரியா: 😂😂

மணி மாமா: வெவரம் தெரியாம ஆளாளுக்குப் பேசக் கூடாது. நான் 31 வருசம் கம்பெனில குவாலிட்டி செக்கிங்குல இருந்தவன். இது 1961ல வந்த அப்ரண்டிஸ் சட்டத்துல நடக்கறது. 2019 விதிப்படி ஐடிஐ முடிச்சவனுக்கு மாசம் 7,000க்குக் கொறையக் கூடாதுன்னு வெச்சாங்க, மேல குடுக்கறது கம்பெனி இஷ்டம். அதுல 1,500 வரைக்கும் மத்திய அரசு பங்கு, நேரா பையன் பேங்குக்கே வந்துரும். கவின் மெஷினிஸ்ட் டிரேடுல ரெண்டு வருசம் படிச்சதால ஒரு வருசம் போதும். கடைசில பரீட்சை இருக்குது. பாஸ் பண்ணுனா தேசிய அப்ரண்டிஸ் சர்ட்டிபிகேட். அது கையில இருந்தா ரயில்வேல லெவல் 1, அதாவது கடைநிலை வேலைக்கு நூத்துக்கு 20 எடம் ஒதுக்கீடு. இன்னொன்னு

தினேஷ் அண்ணா: மாமா அது ரயில்வே ஒர்க்‌ஷாப்புலயே அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கு மட்டுந்தான். பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை அந்த மாதிரி

மணி மாமா: நான் இன்னும் முடிக்கல

செல்வி அத்தை: அவரு எப்ப முடிச்சிருக்கறாரு

மணி மாமா: இன்னொன்னு. இது வேலை இல்ல, பயிற்சி. பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்க மாட்டாங்க. அடிபட்டா நஷ்டஈடு கம்பெனி பொறுப்பு. ஆனா வருசம் முடிஞ்சதும் இவனை எடுத்தே ஆகோணும்னு சட்டம் இல்ல. இதப் பழனி மாப்பிள்ளை தெரிஞ்சுக்கோணும்

பழனி சித்தப்பா (காலை 7:20): அதத்தானுங் மச்சான் நானும் கேக்கறேன். வருசம் முடிஞ்சு போயிட்டு வாப்பான்னா என்ன பண்ணுவான்? டைரக்டா செகண்ட் இயர் பாலிடெக்னிக்ல சேரலாம். ரெண்டே வருசத்துல டிப்ளமோ. அத விட்டுப்போட்டு எங்கப்பா மாதிரி கிரீஸ் சட்டையோட நிக்கோணுமா

பெரியப்பா: அந்தக் கிரீஸ் சட்டைலதான் உன்ற கல்யாணமே நடந்துச்சு

செல்வி அத்தை: அந்தச் சட்டைய யார் தொவச்சாங்கன்னும் சொல்லுங்க. தனி பக்கெட்டு. மெஷின் சூடு தணிய ஊத்தற கூலன்ட் வாசம் மூணு அலசுக்கும் போகாது. செருப்பு அடியில சுருள் சுருளா இரும்புச் சில்லு ஒட்டிட்டு வரும். எத்தன தடவ ஊக்குல எடுத்துவுட்டிருக்கறேன்

சாந்தி சித்தி: மாமனாருக்கு வெரல் போனதும் அந்த வேலைலதானுங்களே

பிரியா: அப்பாருக்கு வெரல் லேத்துலயா போச்சு? பிரஸ் மெஷினுன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு

பெரியப்பா: லேத்துதான். இரும்ப இறுக்கற சக்குச் சாவிய எடுக்காம சுச்சப் போட்டுட்டாரு

அப்பா: இல்லீங்ணா. கையுறை போட்டிருந்தாரு, சுத்திருச்சு. நான் பக்கத்துல நின்னேன்

பெரியப்பா: அன்னிக்கு நீ ஸ்கூல்ல

கவின்: லேத், டிரில்லிங் ஓட்டும்போது கையுறையே போடக் கூடாதுங் அத்தை. மோதிரம், வாட்ச், கைக்கயிறு எதும் கூடாது. சக்குச் சாவிய விட்டுட்டுக் கைய எடுத்தாலே எங்க சார் வெளிய நிறுத்திருவாரு

செல்வி அத்தை: கயிறுன்னா? போன மாசம் கோயில்ல கட்டுனதா?

கவின்: ம்

செல்வி அத்தை: அறுத்துட்டயா

சாந்தி சித்தி: அறுக்கலீங் அண்ணி. பீரோவுல வெச்சிருக்கறேன்

செல்வி அத்தை: ஆத்தாகிட்ட யாரும் மூச்சு உடாதீங்க

தினேஷ் அண்ணா: டெஸ்ட் எப்படிடா இருந்துச்சு

கவின்: 25 எம்எம் ராடு ஒன்னு குடுத்து லேத்துல டர்ன் பண்ணி 24.50க்குக் கொறைக்கச் சொன்னாங்கண்ணா. கூட்டிக் கொறச்சு 0.02 விடலாம். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு ஓட்டி முடிச்ச சூட்டுலயே மைக்ரோமீட்டர் வெச்சு அளந்துட்டாங்க. சூட்டுல அளவு கூடக் காட்டும், அத நம்பி இன்னொரு கட்டிங் ஓட்டிட்டாங்க. ஆறுனதும் கம்மியாயிருச்சு. நான் கூலன்ட் ஊத்தித் தொடச்சு கொஞ்சம் நின்னேன். 24.49 வந்துச்சு

மணி மாமா: 👏👏 இத நான் சொல்லிக்குடுத்தேன்

கவின்: ஐடிஐல சொல்லிக்குடுத்தாங்க மாமா

மணி மாமா: நானும் சொன்னேன்

செல்வி அத்தை: எங்கப்பாவோட லேத்த விக்காம வெச்சிருந்தா பையன் வீட்டுலயே ஓட்டிப் பழகியிருப்பான்

பெரியப்பா: ஆரம்பிச்சாச்சா

பெரியப்பா: பெல்ட்டு லேத்து. அடியில இருக்கற பெட்டெல்லாம் தேஞ்சு கெடந்துச்சு. எடைக்குத்தான் போச்சு. 38,000. கணக்கு நோட்டு என்றகிட்ட இருக்குது

அப்பா: நோட்டு இருக்குதுங்ணா

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: அப்பா 🤦‍♀️

செல்வி அத்தை: என்ன போட்டான்? நான் பாக்கறக்குள்ள அழிச்சுட்டான்

தினேஷ் அண்ணா (காலை 9:05): வெள்ளிக்கெழமை பொங்கலுக்கு வேன் சொல்லோணும். தலைக்கு 450. எத்தன பேரு?

பெரியப்பா: போன தடவ நான் குடுத்த 500 இன்னும் வரல

அப்பா: 14. ஆத்தா முன்னாடி சீட்டு

கவின்: திங்கக்கெழமை சேர்ந்தா வெள்ளி லீவு கேக்க முடியாதுண்ணா. என்னைய விட்டுருங்க

செல்வி அத்தை: குலதெய்வத்துக்கு வராம மொத வாரமே மெஷினத் தொடறயா

தினேஷ் அண்ணா: அப்ப 13ஆ 14ஆ? வேன்காரர் கேட்டுட்டே இருக்கறாரு

பழனி சித்தப்பா: வேனுக்கு அப்பறஞ் சொல்றேன்

மணி மாமா: மாப்பிள்ளை, ஒன்னு சொல்றேன் கேளு. டிப்ளமோவ அடுத்த வருசமும் படிக்கலாம். 17 வயசுப் பையன 11,000 குடுத்து மெஷின்ல நிக்க விடறாங்க. நான் சேந்தப்ப ஆறு மாசம் அரத்த மட்டும்தான் குடுத்தாங்க. ஒரு இரும்புக் கட்டிய நாலு பக்கமும் மட்டம் பண்ணுன்னு நிறுத்திட்டாங்க. ராத்திரி சோத்தப் பெசைய முடியாது, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அன்னிக்கு எங்கப்பா என்ன பண்ணாருன்னா

செல்வி அத்தை: ஏனுங்க, டீ ஆறுது

பிரியா: சித்தி, கவின் ஆதார் எந்த பேங்க்ல லிங்க் ஆகியிருக்குது? அரசாங்கப் பங்கு ஆதார் லிங்க் ஆன அக்கவுண்டுக்குத்தான் போகும்

சாந்தி சித்தி: தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் வந்துட்டிருந்துச்சே, அந்த அக்கவுண்டுதான்

பழனி சித்தப்பா: அதுல இனிசியல் தப்பா இருக்குது. எஸ்னு போட்டிருக்கறான், பி வரோணும். நாலு மாசமா மாத்துன்னு சொல்றேன், அம்மாளும் மகனும் காதுல வாங்குனாத்தான

கவின்: இன்னைக்கே போறேன்ப்பா

பழனி சித்தப்பா: இன்னைக்கு நாலாவது சனி. பேங்கு லீவு

தினேஷ் அண்ணா: சித்தப்பா அப்ப கையெழுத்து?

பெரியப்பா: அவன் போடலைன்னா நான் போடறேன்

பழனி சித்தப்பா: நீங்க லேத்துக்குப் போட்டதே போதும்

செல்வி அத்தை: 😂😂😂

பழனி சித்தப்பா (மதியம் 1:48): சாந்தி, அந்தப் பேப்பர் எங்க வெச்ச

சாந்தி சித்தி: டிவி மேல

தினேஷ் அண்ணா: 13னு சொல்லிரட்டா?

தினேஷ் அண்ணா: சித்தப்பா

செல்வி அத்தை: படிச்சுட்டு இருப்பான். எழுத்துக்கூட்டிப் படிக்கறக்குள்ள விடிஞ்சுரும். நீ 14னே சொல்லு, ஆத்தாளுக்குக் கால் நீட்டிக்க எடமாச்சு

பெரியப்பா: அந்த 500