காமன் ஊன்றும் நாளில் முதல் தப்பு யாருக்கு?

குழு: ரதி மதன் கூத்து – தேயிலைத் தோட்டத்தின் இரண்டு கணக்கும் (பிரிவும்)

செயலாளர் தம்பி: அனைவருக்கும் வணக்கம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றுகிறோம். கோயில் கமிட்டி இன்று இரவுக்குள் பெயர்ப் பட்டியல் கேட்கிறது. தப்புப் பறையை முன்னின்று அடிக்கும் முதல் தப்பு யார்?

மேற்கணக்கு மாமா: நான்.

பணியக்கணக்குச் சித்தப்பா: போன வருடமும் அவர்தான்.

மேற்கணக்கு மாமா: போன வருடம் உனக்குக் கை வீங்கியிருந்தது.

பணியக்கணக்குச் சித்தப்பா: வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. வந்து கேட்டாயா?

மேற்கணக்கு மாமா: எண்ணெய் கொடுத்தனுப்பியது யார்?

பணியக்கணக்குச் சித்தப்பா: எண்ணெய் வேறு. தப்பு வேறு.

கூத்து மாஸ்டர் பெரியப்பா: பிள்ளைகளே, பொறுமையாகப் படியுங்கள். தப்பை வெறும் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது இந்தத் தப்பு. சாவு வீட்டில் அழுததும் இதுதான். கூத்தில் ரதி மதன் வரும்போது ஓர் அடி, எமனுக்கு ஓர் அடி, வீரபத்திரன் இறங்கும்போது இன்னோர் அடி. அடி பிசகினால் ஆடுகிறவனுக்குக் கால் பிசகும். பௌர்ணமி இரவில் சிவன் நெற்றிக்கண் திறந்து மதனை எரிக்கும்போது ஒருவர் ஓட்டமாக அடிக்க, மற்றவர் நடையைப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு ரதி புலம்பும்போது இருவருமே அடக்கி அடிக்க வேண்டும். அங்கே அவள் குரல்தான் கேட்க வேண்டும். இந்த இருவரும் என்னோடு ஒரே வாத்தியாரிடம் கற்றவர்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் இப்படி எடுப்பதை நான் வேறெந்தத் தோட்டத்திலும் கேட்டதில்லை. ஆகவே

கொழும்புத் தம்பி: பெரியப்பா, சுருக்கமாக.

கூத்து மாஸ்டர் பெரியப்பா: சுருக்கித்தான் எழுதினேன்.

கொழும்புத் தம்பி: ஹட்டனுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. வேனில் யாராவது வருகிறீர்களா?

சின்ன அத்தை: துக்க வீட்டுக்குக் கொடுத்த என் பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது?

செயலாளர் தம்பி: கோயிலில், அத்தை.

சின்ன அத்தை: அங்கே மூடி மட்டும்தான் இருக்கிறது.

மேல் லயத்துத் தம்பி: பைபர் தப்பு இரண்டு வாங்கலாமே? மாசிப் பனியில் தோல் தொய்ந்துவிடுகிறது. காட்சிக்குக் காட்சி தீ மூட்ட வேண்டியிருக்கிறது.

மேற்கணக்கு மாமா: வேண்டாம்.

பணியக்கணக்குச் சித்தப்பா: வேண்டவே வேண்டாம்.

சின்ன அத்தை: இதிலாவது ஒத்துப்போனீர்களே!

கூத்து மாஸ்டர் பெரியப்பா: தம்பி, தீயில் காட்டினால் ஈரம் வற்றித் தோல் இறுகும், நாதம் ஏறும். அளவு மீறினால் தோல் வெடித்துவிடும். அந்தப் பதம் கைக்குத் தெரிய வேண்டும். பைபரில் அது எங்கே?

பணியக்கணக்குச் சித்தப்பா: காய்ச்சுவதற்கு மானாப் புல் நான் வெட்டி வைக்கிறேன்.

மேல் லயத்துத் தம்பி: அப்படியானால் முதல் தப்பு சித்தப்பாவா?

மேற்கணக்கு மாமா: புல் வெட்டினால் முதல் தப்பா?

சின்ன அத்தை: மகள் கல்யாணத்துக்கு டவுனிலிருந்து பேண்ட் கொண்டுவந்த நாளில் தொடங்கிய சண்டை இது.

மேற்கணக்கு மாமா: அது மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு.

பணியக்கணக்குச் சித்தப்பா: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மச்சான்.

மேற்கணக்கு மாமா: சொல்லத்தான் வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை.

செயலாளர் தம்பி: மாமா, சித்தப்பா, பட்டியல்.

மேற்கணக்கு மாமா: ஊன்றும் நாளில் அவன் அடிக்கட்டும். எரிக்கும் இரவு எனக்கு.

பணியக்கணக்குச் சித்தப்பா: எரிக்கும் இரவில் ஊரே திரண்டு வரும். அதை நீ எடுத்துக்கொள்வாயா?

கூத்து மாஸ்டர் பெரியப்பா: அந்த இரவில் ஒருவராக அடிக்க முடியாது என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

செயலாளர் தம்பி: சனிக்கிழமை பின்னேரம் பெரட்டுக் களத்தில் ஒத்திகை. அங்கே பேசலாமா?

சின்ன அத்தை: கொழுந்து நிறுத்துவிட்டு வர நேரமாகும். விளக்குப் போட்டு வையுங்கள்.

மேற்கணக்கு மாமா: நான் வருகிறேன். தப்படிக்கும் என் சிம்புக் குச்சி ஒடிந்துவிட்டது.

பணியக்கணக்குச் சித்தப்பா: மூங்கில் சீவி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று தருகிறேன். தம்பி, பட்டியலை இப்போது அனுப்ப வேண்டாம்.

செயலாளர் தம்பி: கமிட்டிக்கு என்ன சொல்வது?

கொழும்புத் தம்பி: வேன் பற்றி யாரும் சொல்லவில்லையே?