பழைய கல், செங்கல் கட்டடத்தை நிலநடுக்கத்துக்குப் பலப்படுத்தியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

கடப்பாரை
1993 செப்டம்பர் கில்லாரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் இடியாமல் நின்ற வீடுகளில் வேலை. ரெண்டடிக் கருங்கல் சுவர், மண் சாந்து, மேலே மண் கூரை. பார்த்தவர்களுக்குத் தெரியும். த்ரூ ஸ்டோன், அதாவது சுவரின் உள் வரிசையையும் வெளி வரிசையையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல், இல்லாத சுவர், அதனால் ஒரு கல்லை நெம்பி எடுத்துவிட்டு ஓட்டை போட்டு, கொக்கி வளைத்த கம்பி செருகி, கான்கிரீட் அடைக்கணும். கல் வெளியே வந்ததும் மண்ணும் சில்லுக்கல்லும் கொட்ட ஆரம்பித்தது பாருங்க, நிற்கவே இல்லை! வெளி வரிசை தனி, உள் வரிசை தனி. வீட்டுக்காரம்மா ஓடி வந்து கோணியை ஓட்டையில் திணித்தார். இப்பவும் பழைய கல் சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்கிறேன்.

வெலிங்டன் வாசி
இங்கே நியூசிலாந்தில் 2016 கைகோரா நிலநடுக்கத்துக்கு அப்புறம், தெரு ஓரச் செங்கல் கட்டடங்களின் முகப்பையும் பேரபெட்டையும் (மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்) கட்டிப்போடச் சொல்லி அரசு கெடு வைத்ததே, அப்போது. நான் வேலை பார்த்த கடை மாடியில் இன்ஜினியர் கார் சாவியால் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டினார். மணலாக உதிர்ந்தது. அதுக்கு நேர் கீழேதான் பஸ் ஸ்டாப். 2011 நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் செங்கல் விழுந்து செத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தெருவிலும் வண்டியிலும் இருந்தவர்கள்.

சைட் சூப்பர்வைசர்
கடப்பாரை சார், த்ரூ ஸ்டோன் மட்டும் வைத்து என்ன பிரயோஜனம்? 2001 குஜராத் நிலநடுக்கத்தில் பூஜ் பழைய ஊரில் மூலைச் சுவர் ரெண்டும் பிரிந்து நடுவில் கை நுழைந்தது. அதனால் சொல்கிறேன், யாராவது செய்வதாக இருந்தால்: முதலில் கூரை மண்ணை இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு நேர் மேலே, வீட்டைச் சுற்றி வெல்ட் மெஷ் (கம்பி வலை) அடித்து பெல்ட் போடுங்கள், உள்ளேயும் வெளியேயும். மூலைகளில் நிமிர்ந்த கம்பி. உத்திரத்தைச் சுவரோடு பிணையுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள். மெஷ் அடிக்குமுன் பழைய பூச்சைச் சுத்தமாகக் கொத்தி எடுக்கணும். மேலேயே பூசிவிட்டு பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்காரர்களும் சிரிக்க வேண்டாம், 2002-இல் நிலநடுக்க வரைபடத்தில் உங்களை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள்.

கடப்பாரை
பெல்ட்டும் போட்டோம் சார். கோணியை எடுத்த பிறகு.